எளிமை என்ற பெயரில் ஊமையாகும் குறிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொது இடக் குறிகளை வரைபவர்கள், எளிமை என்று சொல்லிக் கோடுகளைக் கழித்துக்கொண்டே போவது கவலை தருகிறது. அமெரிக்கத் தத்துவஞானி சார்லஸ் பியர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார்: பொருளை ஒத்த உருவம், நெருப்புக்குப் புகைபோல் தடயம், பழக்கத்தால் மட்டுமே பொருள் பெறும் அடையாளம். மூன்றாவதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். கோடுகளை அளவின்றிக் கழித்தால், பார்த்ததும் புரியும் உருவமும் இந்த மூன்றாவது வகையாகிவிடும். நோய்க்கிருமி போன்றவற்றின் ஆபத்தைச் சொல்ல 1966-இல் உருவான உயிரி அபாயக் குறி அத்தகையது. மனதில் பதிய வேண்டும், ஆனால் முன்பே வேறு பொருள் இருக்கக் கூடாது என்றே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிதழ் வடிவக் குறியோ கற்காதவர்களுக்கு எட்டவில்லை. அதனால் 2007-இல் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன் கொண்ட சிவப்பு முக்கோணம் துணைக்கு வந்தது.

கழிப்பதே தவறு என்று சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துக் கழியுங்கள் என்கிறேன். வரைந்த குறியை 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். கோடுகளின் இடைவெளி அடைபட்டு வெறும் கறையாகிவிட்டால், கோட்டை மெலிதாக்காதீர்கள், ஒரு கோட்டையே எடுத்துவிடுங்கள். பிறகு கறுப்பு வெள்ளையில் பாருங்கள். சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பிய குறி அங்கேயே தோற்றுவிடும். தடைக்குக் குறுக்குக்கோட்டு வட்டம், எச்சரிக்கைக்கு முக்கோணம் என்று வடிவமும் பேச வேண்டும். கடைசியாக, புதியவரிடம் காட்டி "இது என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் பலரும் தலையாட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
வரைகலை வடிவமைப்பாளர் ஒருவர்