வைரஸியல் ஆய்விதழ் ஆசிரியர்களே, பன்றியின் குடல் செல்லில் பார்த்தார்களா என்று கேளுங்கள்

வைரஸியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் கட்டுரைகளை மதிப்பிடும் வல்லுநர்களுக்கும் வணக்கம்.

எங்கள் குழுவின் கட்டுரை ஒன்று அண்மையில் திரும்பி வந்தது. கட்டுரை திரும்புவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதைப் பெரிதுபடுத்தவில்லை. கூடவே வந்த காரணம்தான் மனதை அறுக்கிறது: "இந்தப் புரதத்தின் விளைவு ஏற்கனவே வேறு செல்லில் காட்டப்பட்டுவிட்டது, புதுமை இல்லை." நாங்கள் கேட்டிருந்ததே அந்த வேறு செல்லில் நடந்தது பன்றிக்குட்டியின் குடலிலும் நடக்கிறதா என்றுதான்.

பன்றிக்குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பிஇடி கொரோனா வைரஸின் என்-புரதத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வைரஸின் ஆர்என்ஏவைப் பொதிந்து வைப்பது அதன் முதல் வேலை. அதோடு செல்லின் எச்சரிக்கையைக் கடத்தும் டிபிகே1, ஐஆர்எஃப்3 என்ற இரண்டு புரதங்கள் சேர்வதைத் தடுத்து, வைரஸை எதிர்க்கச் செல் வெளியிடும் இன்டர்ஃபெரானை அடக்குகிறது, செல்லுக்குள் புரதங்களை மடிக்கும் எண்டோபிளாஸ்மிக் வலையில் நெருக்கடியைத் தூண்டுகிறது, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-8-ஐக் கூட்டுகிறது, செல் பிரியும் முன் டிஎன்ஏவை இரட்டிக்கும் எஸ் கட்டத்தை நீட்டுகிறது என்றெல்லாம் வெளிவந்திருக்கிறது. உழைத்துச் செய்த ஆய்வுகள்தான். ஆனால் அந்தக் கடைசி விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த வைரஸ் பெரும்பாலும் தாக்குவது குடலுறிஞ்சிகளின் மேல் இருக்கும் முதிர்ந்த செல்களை, அவை பிரிவதையே நிறுத்திவிட்டவை. அப்படியிருக்க எஸ் கட்டம் நீள்வது நோயில் எந்த இடத்தில் வருகிறது, குடலுறிஞ்சிகளுக்கு இடையே உள்ள அடிக்குழியில் இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் செல்களுக்குள் வைரஸ் எவ்வளவு போகிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவராவது கேட்க வேண்டாமா?

இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கப் பலரும் பயன்படுத்தும் வீரோ செல்லின் கதை இன்னும் மோசம். அது குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தது, முதல் வகை இன்டர்ஃபெரான் மரபணுக்களே அதில் இல்லை. வைரஸை வளர்க்க அது நல்ல செல், மறுக்கவில்லை. ஆனால் அதிலேயே தொடர்ந்து வளர்க்கும்போது வைரஸின் ஓஆர்எஃப்3 என்ற மரபணு பலமுறை குறுகிப்போவதைப் பார்த்திருக்கிறோம். பன்றிக்குள் காப்பாற்றி வைத்திருக்கும் மரபணுவை வைரஸே அங்கே கைவிடுகிறது என்றால், இரண்டு செல்களும் அதற்கு ஒன்றில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

சரி, குடல் செல்லில் செய்வது சுலபமா? இல்லை. பிறந்து சில நாளே ஆன குட்டியின் சிறுகுடலிலிருந்து அடிக்குழிகளைப் பிரித்து, ஜெல்லில் பதித்து, வளர்ச்சிக் காரணிகளை விடாமல் கொடுத்துக் குடல் ஆர்கனாய்டுகளை, அதாவது குடலைப் போலவே அமையும் சின்னஞ்சிறு செல் உருண்டைகளை, வளர்க்க வேண்டும். வளர்ந்த பிறகும் சிக்கல் தீராது. வைரஸ் நுழையும் மேல்முகம் உட்புறமாகத் திரும்பியிருக்கும், அதனால் உடைத்துத் தட்டையான ஒற்றைப் படலமாகப் பரப்பித்தான் பெரும்பாலும் தொற்ற வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு தட்டில் பூஞ்சை ஏறினால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்குப் போகும். எங்கள் மாணவி ஒருவர் இதைத்தான் விடுமுறை என்று ஒன்று இல்லாமல் செய்துகொண்டிருந்தார். மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஹெக் 293 செல்லில், புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தைப் போட்டு இரண்டு மூன்று நாளில் படம் எடுத்தவரின் கட்டுரையைக் காட்டி, அவருடைய வேலையில் புதுமை இல்லை என்கிறீர்கள். அந்த மின்னஞ்சலைப் படித்த அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்டர்ஃபெரானை அடக்கும் புரதங்கள் என்று இந்த ஒரு வைரஸிலேயே பத்துக்குக் குறையாமல் பெயர் சொல்லியாகிவிட்டது: என்எஸ்பி1, என்எஸ்பி15, இ, எம், என் என்று நீள்கிறது. தனியாக, இயல்பைவிட மிக அதிக அளவில் ஒரு செல்லுக்குள் திணித்தால் பல புரதங்கள் எதையாவது அடக்கத்தான் செய்யும். தொற்றின்போது எது முக்கியம் என்பதை அது சொல்லாது. உண்மையான தொற்றிலேயே பார்த்துச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் என்எஸ்பி15-இன் நொதிச் செயலை வைரஸுக்குள்ளேயே முடக்கி, பன்றி செல்களில் இன்டர்ஃபெரான் எழுவதைக் காட்டி, பிறகு குட்டிகளிலும் இறப்பு குறைவதைக் காட்டினார்கள். கேட்டால் செய்ய முடிகிறது. நீங்கள் கேட்பதில்லை.

எந்த மரபணுவை முடக்கித் தடுப்பூசி வைரஸ் உருவாக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் உங்கள் இதழ்களைப் படித்துத்தான் எடுக்கிறார்கள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிகளில் இந்த நோய் வந்தால் பாதிக்கு மேல் சாகும், சில பண்ணைகளில் ஒன்றும் மிஞ்சாது. 2013-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்து பல லட்சம் குட்டிகளைக் கொன்றதும் இதே வைரஸ்தான். புதுமை, புதுமை என்று ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு கட்டுரை சேர்ந்துகொண்டே போகிறது, அவற்றில் எதை நம்பி ஒரு தடுப்பூசி வேலையைத் தொடங்குவது என்று கேட்டால் எங்களிடமே பதில் இல்லை. கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

ஆகவே மரியாதையோடு கேட்கிறேன். ஒரு பன்றி கொரோனா வைரஸ் புரதம் ஓம்புயிர் செல்லை இப்படி மாற்றுகிறது என்று யார் எழுதி அனுப்பினாலும், பன்றியின் குடல் செல்லில், உண்மையான தொற்றில் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்க வசதியில்லை என்றால் கட்டுரையைத் தள்ள வேண்டாம், தலைப்பிலும் சுருக்கத்திலும் எந்த செல், புரதம் தனியாகவா வைரஸோடா என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம், அப்படிச் சரிபார்த்து வரும் கட்டுரைகளை, முடிவு பழையதை உறுதி செய்தாலும் சரி, பொய்யாக்கினாலும் சரி, புதுமை இல்லை என்ற ஒரு வரியில் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கு ஒரு கேள்வியைச் சேர்த்தாலே போதும். அடுத்த முறை படிவத்தைத் திருத்தும்போது அதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
குடல் செல்களோடு வேலை செய்யும் ஓர் ஆய்வாளர்