மூணு மாட்யூலும் ஒரே நாள்ல சாகாது

அன்புள்ள மாப்ள,

பதில் தாமதந்தான், நேர்ல வந்து திட்டிக்கோ. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம்.

"வண்டியெல்லாம் கம்ப்யூட்டராப் போச்சு, பட்டறையை மூடிட்டு மாடு மேய்க்கப் போறேன்"னு எழுதியிருக்கே. மாடு என்ன பாவம் பண்ணுச்சு?

நீ எழுதின வண்டிக்கு வர்றேன். ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் லைட்டு மூணும் சேர்ந்து எரியுது, ஸ்கேனர்ல யூ-ல ஆரம்பிக்கிற கோடா (கோளாறு நம்பரா) வருது, ஷோரூம்காரன் மூணு மாட்யூலையும், அதாவது அந்தந்த வேலையப் பாத்துக்கற குட்டிக் கம்ப்யூட்டர் மூணையும், மாத்தணும்ங்கறான். யூ கோடு வந்தா மாட்யூல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கற ரெட்டை ஒயர் லைன்ல பேச்சு நின்னுபோச்சுன்னு அர்த்தம். யூ0100ன்னா இன்ஜின் கம்ப்யூட்டர்கிட்ட இருந்து தகவலே வரலைன்னு மத்த மாட்யூல் புகார் சொல்லுது. புகார் சொன்னவனையே கழட்டி எறியச் சொல்றான் பாரு!

முதல்ல பேட்டரியப் பாரு. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா மாட்யூல்லாம் மயங்கி எழுந்து கண்ட கோடையும் போட்டு வைக்கும். அதே நேரத்துல இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் ஒயரைத் தேய்ச்சு மாட்டு. பாதிக் கேஸ் இங்கயே முடிஞ்சிரும்.

முடியலைன்னா நெகடிவைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விடு. ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கற 16 பின் சாக்கெட்டுல 6க்கும் 14க்கும் நடுவுல மீட்டரை ஓம்ஸ்ல வச்சு அள. லைனோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கு, அதனால 60 வந்தா லைன் சரி. 120 வந்தா எங்கயோ ஒயர் அறுந்திருக்கு, இல்ல ஒரு முனை ரெசிஸ்டர் விட்டுப்போச்சு. பூஜ்யத்துக்கிட்ட வந்தா ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிச்சு. கனெக்டரை ஒவ்வொண்ணாப் பிடுங்கு, எதைப் பிடுங்கும்போது அளவு ஏறுதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. கேட்வே (சாக்கெட்டுக்கும் உள் லைனுக்கும் நடுவுல காவக்காரன் மாதிரி உக்காந்திருக்கற மாட்யூல்) வச்ச வண்டின்னா சாக்கெட்டுல இந்தக் கணக்கு ஒத்துவராது, கேட்வேக்கு அந்தப் பக்கம் போய் அளக்கணும். கார்ப்பெட்டையும் தூக்கிப் பாரு. ஏசி தண்ணிக்குழாய் அடைச்சு உள்ள ஒழுகி, கனெக்டர் பச்சை பூத்திருக்கும். இல்லாட்டி எலி.

இன்னொண்ணு. பார்ட் மாத்தினதைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லணும். ஸ்விட்ச் ஹேண்ட்பிரேக் வண்டில பின் சக்கரத்து பிரேக் பேடு மாத்தணும்னா ஸ்கேனர்ல சர்வீஸ் மோடுக்குப் போயிட்டுத்தான் பிஸ்டனைத் தள்ளணும். உன் பலத்தைக் காட்டி அமுக்குனா மோட்டார் போயிரும். கேமரா வச்ச வண்டிக்கு முன் கண்ணாடி மாத்தினா கேலிபரேஷன் பண்ணாம, அதாவது கேமரா பார்வையைச் சரிபண்ணாம, விடாதே. சாஃப்ட்வேர் ஏத்தும்போது வோல்ட்டேஜ் விழாம சப்ளை யூனிட் மாட்டு. பாதில நின்னா அந்த மாட்யூல் செத்துரும்.

எனக்குப் பயம் வேற இடத்துல, மாப்ள. 2015ல மில்லர், வாலசெக்னு ரெண்டு கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்காரங்க ஜீப் செரோக்கியோட பாட்டுப்பெட்டி வழியா, தூரத்துல உக்காந்துக்கிட்டே பிரேக்கு வரைக்கும் கை வச்சாங்க. 14 லட்சம் வண்டியத் திரும்பக் கூப்பிட்டாங்க. அப்புறம் அந்தக் கம்பெனி கேட்வேக்குப் பூட்டு போட்டுச்சு: வெளி ஸ்கேனர் கோடு படிக்கும், அனுமதி வாங்காம அழிக்க விடாது. பூட்டு நியாயந்தான். சாவி யார் கையில இருக்குங்கறதுதான் சண்டை. ரிப்பேருக்கு வேண்டிய தகவலை வெளிப் பட்டறைக்கும் குடுக்கணும்னு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரங்க 2012லயே சட்டம் போட்டாங்க. வண்டி ஒயர்லெஸ்ல அனுப்பற டேட்டாவும் வேணும்னு 2020ல மறுபடி ஓட்டுப் போட்டாங்க.

ஒயர்லெஸ்ல வர்ற சாஃப்ட்வேர் அப்டேட்டும் அப்படித்தான். 2018ல மணிக்கு 60 மைல் வேகத்துல இருந்து நிக்க 152 அடி எடுத்த டெஸ்லா மாடல் 3, சில நாள்ல வந்த அப்டேட்டுக்கப்புறம் 133 அடில நின்னுச்சு. ஸ்பேனரே படலை! நல்லதுதான், ஆனா நாளைக்கு ஒருத்தன் "உங்க பட்டறைக்கு வந்துட்டுப் போனதுல இருந்துதான் பிரேக்கு இப்படி இருக்கு"ன்னு வந்து நிப்பான். அதனால வண்டி உள்ள வந்ததும் சாஃப்ட்வேர் வெர்ஷனை ஜாப் கார்டுல எழுதிட்டுக் கையெழுத்து வாங்கிரு.

ஓம்ஸ் எவ்வளவு வந்துச்சுன்னு எழுது. அதுவரைக்கும் மாட்யூலுக்கு அட்வான்ஸ் குடுக்க வேணாம்னு வண்டிக்காரர்கிட்டச் சொல்லி வை.

உன்
மீட்டர்