மார்ஷலின் இன்னொரு பாதி

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் குறித்து தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை அவரது இரண்டாம் உலகப் போர்க்காலப் பணியோடு நின்றுவிட்டது ஒரு குறை. 1939-இல் அவர் தலைமைத் தளபதியானபோது அமெரிக்கத் தரைப்படையில் 2 லட்சம் பேர்கூட இல்லை. போர் முடியும்போது 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பிரான்ஸ் கடற்கரையில் நேச நாடுகள் நடத்திய நார்மண்டிப் படையெடுப்பின் தலைமையை அவர் கேட்டு வாங்கவில்லை, அது ஜெனரல் ஐசனோவருக்குப் போனது. சரி, இழப்பு என்ன? ஆட்களையும் தளவாடங்களையும் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த அந்தப் பழக்கம்தான் பின்னாளில் அவரை ராஜதந்திரி ஆக்கியது என்பேன். வெளியுறவு அமைச்சராக 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டில் பேசியபோது, போரில் சிதைந்த ஐரோப்பாவுக்கான மீட்புத் திட்டத்தை ஐரோப்பிய நாடுகளே வகுக்கட்டும் என்றார். அப்புறம் மார்ஷல் திட்டம் என்ற பெயரில் சுமார் 1,300 கோடி டாலர் அமெரிக்க உதவி போனது. 1953-இல் அமைதிக்கான நோபல் பரிசும் வந்தது.

பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில், மார்ஷல் திட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களுக்குக்கூட அவர் வாழ்நாள் ராணுவக்காரர் என்பது தெரியாது. அந்த ஹார்வர்டு உரை நீளமானதல்ல. அதைத் தமிழாக்கி மாணவர் பக்கத்தில் தாங்கள் வெளியிடலாம்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருச்சி