மூன்றே முக்காலுக்குப் பொழுது சாயும் ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் ஒரு வார இறுதியை இங்கிலாந்தின் யார்க் நகரில் கழிப்பது பற்றித் தங்கள் இதழின் பயணப் பகுதியில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். யார்க்குக்குப் பக்கத்து நகரில் வசிப்பவள் என்பதாலும், ஊரிலிருந்து வரும் உறவினர்களைப் பலமுறை அங்கே அழைத்துச் சென்றவள் என்பதாலும், அக்கட்டுரையில் உள்ள ஒரு சிறிய பிழையையும் ஒரு பெரிய விடுபடலையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

முதலில் பிழை. 'மாலையில் நகரின் நான்கு பழைய பார்களுக்கும் சென்று இளைப்பாறலாம்' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மிக்கிள்கேட் பார், பூத்தம் பார், மங்க் பார், வாம்கேட் பார் ஆகிய நான்கும் மதுக்கூடங்கள் அல்ல. பழைய நகர மதிலின் வாயில்கள். யார்க்கில் வாயிலுக்குத்தான் 'பார்' என்று பெயர். அங்கே 'கேட்' என்று முடிவதோ பெரும்பாலும் தெரு. 9ஆம் நூற்றாண்டில் ஊரைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழி விட்டுச்சென்ற எச்சம் அது. மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. இங்கிலாந்தின் அரியணைக்கு உரிமை கோரி, 1460 டிசம்பர் இறுதியில் வேக்ஃபீல்ட் போரில் மாண்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடம் சூட்டிக் குத்திவைத்தது இந்த மிக்கிள்கேட் பாரின் உச்சியில்தான். இளைப்பாற அவ்வளவு தோதான இடமல்ல.

விடுபட்டது வெளிச்சம். டிசம்பர் கடைசியில் யார்க்கில் காலை எட்டேகால் மணிக்கு மேல்தான் சூரியன் எழும். மாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் மறைந்துவிடும். ஏழரை மணி நேரப் பகலை வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் பதினான்கு இடங்கள் என்று பட்டியல் போடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் ரயில் அருங்காட்சியகம், மாலை நான்கு மணிக்கு மதில் நடை என்று வரிசைப்படுத்தியிருப்பதுதான் சிக்கல். மதில் மேல் நடக்கும் பாதையைப் பொழுது சாயும் நேரத்தில் பூட்டிவிடுவார்கள். பனி உறைந்து வழுக்கும் நாளிலோ திறக்கவே மாட்டார்கள். முதன்முறை போனபோது நானும் இதே தவற்றைச் செய்து, மூன்றரை மணிக்கு மூச்சிரைக்கப் படிக்கட்டருகே போய்ச் சேர்ந்தேன். பணியாளர் ஒருவர் இரும்புக் கதவின் பூட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

எனவே, கூரையில்லாத இடங்களையும் வெளிச்சம் தேவைப்படும் இடங்களையும் பகலுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை இருட்டுக்கு விட்டுவிடுவதே முறை. மதில் சுமார் 3.4 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும், கட்டணம் கிடையாது. முழுவதும் நடக்க முடியாதவர்கள் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரையிலான பகுதியை மட்டுமாவது நடக்கலாம். இலையுதிர்ந்த மரங்களுக்கு ஊடாக மின்ஸ்டர் பேராலயம் அங்கிருந்து தெரிவதுபோல் கோடையில் தெரியாது. குளிர்காலப் பயணத்தின் ஆதாயம் என்று நான் கருதுவது இதைத்தான்.

பேராலயத்துக்குள் சனிக்கிழமை காலையிலேயே சென்றுவிட வேண்டும். ஞாயிறு காலை வழிபாட்டுக்குரியது; பார்வையாளர்களைப் பிற்பகலில்தான் அனுமதிப்பார்கள். கிழக்கு முகப்பின் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம், 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்னும் கலைஞரின் பொறுப்பில் உருவானது; ஏறத்தாழ ஒரு டென்னிஸ் மைதானத்தின் பரப்பில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சட்டங்களில் உலகின் தோற்றத்தையும் முடிவையும் சித்திரிப்பது. அதன் உயரத்துக்கு வெறுங்கண் போதாது. என் அத்தை கழுத்தில் மாட்டிவந்திருந்த சிறிய இருகண்நோக்கியை நான் கேலி செய்திருந்தேன். அவரோ அதை வைத்துக்கொண்டு, கடைசிக் காலத்தில் எழும் என்று பைபிள் சொல்லும் ஏழு தலை விலங்கைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு தலையாக விரல் விட்டு எண்ணி, கணக்குச் சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு அறிவித்தார். இருட்டியபின் உள்ளேயிருந்து பார்த்தால் அதே சாளரம் வெறும் கருஞ்சுவர்தான். ஆனால் பாடகர் குழு பாடும் மாலை வழிபாட்டுக்கு இருட்டு தடையல்ல. வழிபட வருபவர்களுக்குக் கட்டணமும் இல்லை. நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கட்டுரையாளர் காலையில் வைத்த தேசிய ரயில் அருங்காட்சியகம் உண்மையில் பிற்பகலுக்கு உரியது. 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் அங்கே கூரையின் கீழ் நிற்கிறது. வெளியே மழையானாலும் இருட்டானாலும் அதற்குக் கவலையில்லை. ஷாம்பிள்ஸ் தெருவை நண்பகலில் பார்க்கச் சொல்லியிருப்பதும் சரியல்ல. முன்பு இறைச்சிக் கடைகள் நிறைந்திருந்த அந்தக் குறுகிய சந்தில் சனிக்கிழமை நண்பகலில் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்க முடியும். கடைகள் திறக்குமுன் சென்றால், எதிரெதிரே சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகளும், இறைச்சியைத் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும் கண்ணில் படும்.

கிளிஃபர்ட் கோபுரத்தைப் 'புகைப்படத்துக்கு ஏற்ற மேடு' என்று ஒரே வரியில் முடித்திருப்பது எனக்கு வருத்தமளித்தது. 1190 மார்ச்சில், வெறிகொண்ட கூட்டத்துக்கு அஞ்சி அந்த மேட்டின் மேல் அப்போதிருந்த மரக் கோபுரத்தில் அடைக்கலம் புகுந்த சுமார் 150 யூதர்கள் உயிரிழந்தார்கள். இப்போதுள்ள கற்கோபுரம் அடுத்த நூற்றாண்டில் எழுந்தது.

ஊஸ் ஆறு குளிர்காலத்தில் அடிக்கடி கரை மீறும் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் யோர்விக் வைக்கிங் மையம் என்னும் அருங்காட்சியகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, 2017 ஏப்ரலில்தான் அது மீண்டும் திறந்தது. புறப்படுமுன் வெள்ள எச்சரிக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆற்றோர நடையைத் திட்டத்தில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வரும் வாசகர் எவரும் மங்க் பாரின் அடியில் மழையில் நின்றபடி உள்ளே இடம் இருக்கிறதா என்று விசாரிக்காதிருக்க, பார்கள் பற்றிய திருத்தத்தையாவது அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
லீட்ஸ், இங்கிலாந்து