கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதப் படிச்சிரு

மாப்ளே,

நல்லா இருக்கறயாடா. அம்மாவுக்கு முட்டி வலி எப்புடி இருக்குது, ஆபரேசன் பண்ணலாமா வேண்டாமான்னு போன தடவ பேசிட்டிருந்தீங்க, அதப்பத்தி நீ ஒரு வரி கூட எழுதல. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ பன்னெண்டாவது போயிட்டா, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் லைட்டு எரியுது. அப்பா தோட்டத்த விட்டு நகர மாட்டேங்கறாரு, தென்னை முச்சூடும் வெள்ளை ஈ, ஓலையெல்லாம் கரி புடிச்ச மாதிரி கருத்துக் கெடக்குது. ஆனா ஒரு நல்ல விசயம், அத்திக்கடவு தண்ணி எங்கூரு கொளத்துக்கு வந்ததுல இருந்து கெணத்துல மட்டம் ஏறியிருக்குது, அந்தத் திட்டத்த 2024 ஆகஸ்ட்ல தொறந்தாங்கல்ல, அப்ப அப்பா கொளத்து மேட்டுல போயி அரை நாள் நின்னு பாத்துட்டு வந்தாரு, அறுபது வருசமா பேச்சாவே கேட்டுட்டு இருந்த தண்ணியாச்சேன்னு.

சரி, நீ அனுப்பிச்ச பேப்பர மூணு தடவ படிச்சேன். ப்ராஜெக்ட் இன்சார்ஜ் ஆனதுக்கு ரொம்ப சந்தோசம்டா, டிப்ளமோ முடிச்சு இருபத்தஞ்சு வருசம் வெயில்ல நின்னதுக்கு உனக்கு இது எப்பவோ வந்திருக்கோணும். ஆனா அந்தப் பேப்பர்ல ஏழாவதா ஒரு வரி இருக்குதே, 'சைட்டில் பாதுகாப்பு சம்பந்தமான அனைத்துக்கும் இன்சார்ஜே முழுப்பொறுப்பு'ன்னு, அதப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நெலைல இல்ல. இதுல கையெழுத்துப் போடட்டுமான்னு நீ கேட்டிருக்கற. போனுல சொன்னா முழுசா சொல்ல வராதுன்னுதான் ஒக்காந்து எழுதறேன்.

உனக்கு நான் ஒண்ணு சொன்னதே இல்ல. ஏழெட்டு வருசத்துக்கு முன்னாடி பல்லடம் பக்கம் ஒரு பழைய தறி செட்டுக்குக் கூரை மாத்தற வேலை பாத்தேன், அப்ப நான் வேற கம்பெனில இருந்தேன். முப்பது வருசத்து சிமெண்ட் அட்டை, அதக் கழட்டிட்டு கலர் சீட்டு போடோணும். செட்டுக்காரரு ஆடிக் காத்து கெளம்பறதுக்குள்ள முடிச்சுக் குடுங்கன்னு தெனமும் போன் பண்ணுவாரு, எங்க ஆபீஸ்ல இருந்தும் அதே போன். சேஃப்டி ஆபீசர்னு ஒரு சின்னப் பையன் இருந்தான், ரெண்டு மூணு சைட்டுக்கும் அவன் ஒருத்தன்தான். கூரைல நடக்கப் பலகை வேணும், கீழ வலை கட்டோணும்னு அவன் ரிஜிஸ்டர்ல மூணு தடவ எழுதி வெச்சான். மூணு தடவையும் 'பார்வையிட்டேன்'னு நான் கையெழுத்துப் போட்டிருக்கறேன் மாப்ளே. மொத தடவ பலகைக்கு ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன், வரல. அதுக்கப்பறம் நான் திரும்பிக் கேக்கவே இல்ல. எழுதிட்டோம்ல, நம்ம சோலி முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்.

ஒடிசா கஞ்சம் பக்கத்துப் பையன், இருபத்திமூணு வயசு. அட்டைய இறுக்கிப் புடிக்கற ஜே போல்ட்டு வரிசை மேலயே காலு வெச்சு நடந்தா அட்டை ஒடையாதுன்னு அங்க எல்லாரும் நம்பீட்டிருந்தாங்க, நானும்தான் நம்புனேன், ஆனா பழைய அட்டைக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல, பர்லின், அதான் அட்டையத் தாங்கற குறுக்குச் சட்டம், அது மேல இருந்து ஒரு சாண் தள்ளி மிதிச்சாலும் போச்சு. அதுலயும் நடுவுல நடுவுல வெளிச்சத்துக்குன்னு ஃபைபர் சீட்டு போட்டிருப்பாங்கல்ல, பஞ்சும் புழுதியும் படிஞ்சு அது அட்டை மாதிரியே இருந்திருக்குது. அதுல காலு வெச்சுட்டான். 18 அடி, கீழ தறி நின்ன காங்கிரீட் மேடை. சத்தம் எனக்கு ஆபீஸ் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. 108 வந்து கோயமுத்தூர் கொண்டுட்டுப் போனோம், உசுரு தப்பிச்சுது, முதுகெலும்பு போச்சு. ஊருக்குப் போயி இப்ப டீக்கடை வெச்சிருக்கறான், தண்ணிக் கொடம் தூக்க முடியாது. பொங்கலுக்குப் பொங்கல் நாந்தான் போன் பண்றேன். ஒரு தடவ கூட கோவமா ஒரு வார்த்தை பேசுனதில்ல, சார் நல்லா இருக்கறீங்களான்னு கேப்பான். அதக் கேட்டுட்டு போன வெச்சா அன்னைக்குப் பூரா சோறு எறங்காது.

அவன் சேஃப்டி பெல்ட்டு போட்டிருந்தான்டா. அதத்தான் உனக்கு முக்கியமா சொல்லோணும். பெல்ட்டு இருந்துச்சு, கொக்கி மாட்டத்தான் எடம் இல்ல, லைஃப்லைன் கம்பி கட்டவே இல்ல. அப்பறமா நான் ஒக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், கட்டியிருந்து கால் மட்டத்துல மாட்டியிருந்தாக்கூட என்ன ஆயிருக்கும்னு. பெல்ட்டுக் கயிறு 1.8 மீட்டர். அதுல விழுற அதிர்ச்சியத் தாங்கறதுக்கு இருக்கற ஷாக் அப்சார்பர் கிழிஞ்சு நீளறது 1.75 மீட்டர் வரைக்கும் போகும். முதுகுல கொக்கி இருக்கற எடத்துல இருந்து காலு வரைக்கும் ஒரு ஒன்றரை மீட்டர். கீழ ஒரு மீட்டராவது மிச்சம் வேணும். கூட்டிப் பாரு, சுமாரா 6 மீட்டர், 20 அடி ஆச்சு. அந்தச் செட்டு 18 அடி. அந்த ஒயரத்துக்குத் தலைக்கு மேல மாட்டற மாதிரி லைன் கட்டியிருக்கோணும், இல்லீன்னா பலகையும் வலையும்தான், வேற வழி கெடயாது. நாம என்ன பண்றோம், ஹெல்மெட் பெல்ட்டு ஷூ மூணையும் குடுத்து போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல போட்டுட்டா பாதுகாப்பு முடிஞ்சுதுன்னு நெனைக்கறோம். மொதல்ல விழாம இருக்கறதுக்கு வழி பண்ணோணும், விழுந்தா புடிக்கறது அதுக்கப்பறம்தான். இன்னொன்னு, பெல்ட்டுல ஒருத்தன் தொங்கீட்டிருந்தா சில நிமிசத்துலயே காலுல ரத்தம் கட்டி மயக்கம் வந்துரும், அவன எறக்கறதுக்கு ஏணியோ லிஃப்டோ எங்க இருக்குதுன்னு மொதல்லயே முடிவு பண்ணி வெச்சிருக்கோணும்.

இப்ப உன்ற பேப்பருக்கு வர்றேன். பொறுப்பு யாருதுங்கறத ஒரு காயிதத்துல எழுதி ஒருத்தன் தலைல எறக்கி வெச்சிர முடியாது மாப்ளே. 1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்த எடுத்துப் பாரு, 10 பேரு வேலை செஞ்சாலே பொருந்துச்சு, விபத்து நடக்காம பாத்துக்கறது வேலை குடுக்கறவரு பொறுப்புன்னு 44வது பிரிவு தெளிவாச் சொல்லீருந்துச்சு. சேஃப்டி ஆபீசரு, சேஃப்டி கமிட்டியெல்லாம் 500 பேராவது இருந்தாத்தான்னு அதுல இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா தொழிலாளர் பாதுகாப்புக்கான புதுத் தொகுப்புச் சட்டம் வந்து ஆபீசருக்கு 250ன்னு கொறைச்சிருக்காங்க. நம்ம பக்கத்து சைட்டுல எத்தன சைட்டுல 250 பேரு இருப்பாங்க சொல்லு, நாப்பது, அம்பது, மிஞ்சிப் போனா நூறு. அப்ப ஆபீசரு இல்லைங்கறதுக்காகப் பொறுப்பும் இல்லைன்னு ஆயிருமா? சப் காண்ட்ராக்டர் ஆளுதானே, எங்களுக்கென்னன்னு சொல்றதும் செல்லாது, வேலைய வெளிய விட்ட கம்பெனிகிட்டயே நஷ்டஈடு கேக்கலாம்னு 1923 சட்டத்துலயே இருந்துச்சு.

கேசுன்னு வந்தா உன்னையும் விடமாட்டாங்க, அதையும் மறைக்காம சொல்லிர்றேன். கவனக்கொறைவால சாவுன்னா முன்ன ஐ.பி.சி. 304ஏ, 2 வருசம் வரைக்கும்தான். 2024 ஜூலைல இருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106வது பிரிவு, இப்ப 5 வருசம் வரைக்கும் போடலாம். எஃப்.ஐ.ஆர்ல மொதல்ல பேரு வர்றது சைட்டுல நிக்கறவன்தான். ஆனா ஜெயிலுக்குப் பயந்து நான் இத எழுதலடா. அந்தச் சத்தம் உன்ற காதுல விழக் கூடாது.

நீ சொன்னயில்ல, பெருந்துறை சைட்டுல இ.டி.பி. தொட்டிக்கு, அதான் கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற தொட்டிக்கு, 14 அடி குழி எடுக்கறீங்கன்னு. போட்டோவுல பாத்தேன், ஜே.சி.பி. அள்ளுன மண்ண குழி வாய்லயே குமிச்சு வெச்சிருக்குது. அத இன்னைக்கே அக்கட்டால தள்ளச் சொல்லு. குழி ஆழத்துல பாதி, இல்லீன்னா ஒன்றரை மீட்டர், ரெண்டுல எது எச்சோ அவ்வளவு தூரம் தள்ளி இருக்கோணும், உனக்கு ஏழு அடி. ஒரு கன மீட்டர் மண்ணு ஒன்றரை டன்னுக்கு மேல, நெஞ்சு வரைக்கும் மூடுனாலே மூச்சு இழுக்க முடியாது, தல வெளிய இருந்தும் செத்துப் போயிருக்காங்க. ஒன்றரை மீட்டருக்கு மேல ஆழம் போனாலே ஒண்ணு சரிவா வெட்டோணும், இல்ல பலகை குடுத்து முட்டுக் கட்டோணும். நம்ம செம்மண்ணு கெட்டி, நிக்கும்னு மேஸ்திரி சொல்லுவாரு. மழை பேஞ்சு ரெண்டு நாள் வெயில் அடிச்சா அதே மண்ணு பொளந்து நிக்கும். அதுவும் இப்ப கொளமெல்லாம் நெரம்பி ஊத்துத் தண்ணி மட்டம் ஏறிட்டிருக்கற காலம், பத்து வருசத்துக்கு முன்னாடி தோண்டுன அனுபவத்த வெச்சு இப்ப முடிவு பண்ணாத. காலைல எறங்கறதுக்கு முன்னாடி குழி ஓரமா சுத்தி நடந்து விரிசல் இருக்குதான்னு நீயே பாரு, வேற யாரையும் பாக்கச் சொல்லாத.

ஆடி வேற வருது. பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் அடிக்கற அளவுக்கு உங்க பக்கம் இல்லைனாலும், சாரத்துல பச்சை வலை கட்டியிருந்தா அது பாய்மரம் மாதிரி காத்தப் புடிச்சு மொத்தத்தையும் இழுக்கும். சாரத்த செவுத்தோட கட்டியிருக்காங்களான்னு பாரு, கம்பி முறுக்கி ஒப்பேத்தியிருந்தா ஒத்துக்காத. கலர் சீட்டுத் தூக்கறதயெல்லாம் காத்து ஏறறதுக்கு முன்னாடி காலைலயே முடிச்சிருங்க.

கையெழுத்துப் போடு, வேண்டாம்னு சொல்லல. நீ இல்லீன்னா அந்தச் சீட்டுக்கு வேற எவனாவது வந்து எதையும் படிக்காம போட்டுட்டுப் போவான். ஆனா போடறதுக்கு முன்னாடி மொதலாளிகிட்ட நேராப் போயி மூணு விசயம் எழுத்துல வாங்கு. ஆபத்துன்னு பட்டா வேலைய நிறுத்தறதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல, அன்னைக்கு வேலை நின்னா ஆளுகளுக்குக் கூலி கட்டாகாது, இது மொத விசயம். ஸ்கொயர்ஃபீட் ரேட்டுல வேலை செய்யற லேபர் காண்ட்ராக்டர் ஒரு மணி நேரம் நின்னாலும் நஷ்டம்னுதான் பாப்பாரு, கூலி கட்டாகும்னா ஒருத்தனும் வாயத் தொறந்து விரிசல் இருக்குதுங்கன்னு சொல்லமாட்டான். ரெண்டாவது, வலை, பலகை, முட்டுக்கட்டை, லைஃப்லைன், கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்ப்ஸ் ஈ.எல்.சி.பி., இதுக்கெல்லாம் பி.ஓ.கியூல, அதான் வேலைக் கணக்குப் பட்டியல்ல, தனி வரி போட்டுத் தனிப் பணம், பொதுச் செலவு ஓவர்ஹெட்டுலயே பாத்துக்கங்கன்னு சொன்னா நம்பாத, எங்க பலகை வராமப் போனது அந்த ஓவர்ஹெட்டுலதான். மூணாவது, காங்கிரீட் தேதிய மொதலாளி தனியா பார்ட்டிகிட்ட ஒத்துக்கக் கூடாது, உன்னையக் கேட்டுட்டுத்தான் சொல்லோணும். தேதி சொல்றது ஒருத்தரு, பணம் குடுக்கறது ஒருத்தரு, பொறுப்பு மட்டும் உனக்குன்னா அந்த ஏழாவது வரிய அடிச்சுட்டுப் போடு.

உங்க மொதலாளி கோவக்காரருன்னு எழுதியிருந்த. கோவப்படட்டும். நானும் ஒரு வார்த்தை திரும்பிக் கேட்டிருந்தா கோவப்பட்டிருப்பாங்க, அவ்வளவுதான ஆயிருக்கும்.

ஆளுகள்ல பாதிப்பேரு பீகார், ஒடிசா, காலைல வேலைக்கு முன்னாடி பாதுகாப்பு பத்திப் பேசற டூல்பாக்ஸ் மீட்டிங்க தமிழ்ல போட்டா தலைய ஆட்டுவாங்க, ஒண்ணும் போயிச் சேராது. அவங்கள்லயே தமிழ் பழகுன ஒருத்தன முன்னாடி நிறுத்தித் திருப்பிச் சொல்லச் சொல்லு. எங்க சைட்டுல ஒரு பழக்கம் கொண்டு வந்திருக்கறேன், 'ருக்கோ'ன்னு, அதான் ஹிந்தில நில்லுன்னு, யாரு கத்துனாலும், நேத்து வந்த சித்தாளு கத்துனாலும், எல்லாக் கையும் நிக்கோணும், கிரேனும் நிக்கோணும், ஏன்னு அப்பறம் கேட்டுக்கலாம். போன மாசம் எங்க சித்தாளு ஒரு அக்கா, சேவூரு பக்கம், காங்கிரீட் பலகையத் தாங்கற சென்ட்ரிங் ஜாக்கி ஒண்ணு சாஞ்சிருக்கறதப் பாத்துட்டுக் கத்துச்சு. ஒண்ணும் ஆகல. அந்த அக்காவுக்கு அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் ஒரு சீலை எடுத்துக் குடுத்தேன், அதுக்குக் கண்ணு கலங்கீருச்சு, எனக்கும்தான்.

கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துல ஆளுகளப் பதிஞ்சு வைக்கறதப் போச்சாது பண்ணாத, 18ல இருந்து 60 வயசு, வருசத்துக்கு 90 நாள் வேலை செஞ்சிருந்தா போதும். கட்டடச் செலவுல நீங்க கட்டற 1 சதவீத செஸ்ஸு வரி அவங்களுக்காகத்தான் போகுது.

வர்ற ஞாயித்துக்கெழம பெருந்துறை வர்றேன். காலைல ஏழு மணிக்கெல்லாம் சைட்டுக்கு வந்தர்றேன், குழிய மொதல்ல பாக்கலாம், அப்பறம் சாரம். மத்தியானம் உங்க வீட்டுல அரிசிம்பருப்பு சாதம் போதும், ஒறம்பரை வந்த மாதிரி ஆட்டம் போட வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொல்லிரு. அந்தப் பேப்பரக் கையெழுத்துப் போடாம வெச்சிரு, ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒக்காந்து அந்த மூணு வரிய எழுதலாம். மண்ண மட்டும் ஞாயித்துக்கெழம வரைக்கும் விடாத, இன்னைக்கே தள்ளச் சொல்லிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

உன்ற மாப்ளே