முகவரி இல்லாதவரிடம் யார் கேட்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருநகரவாசிகளிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை படித்தேன். அமெரிக்காவின் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் பல வருடமாக இருப்பவன் நான். சொல்ல ஒன்று இருக்கிறது.

போன ஜூலையில் எனக்கும் அப்படியொரு படிவம் வந்தது. எங்கள் தெருவுக்கே பொதுவாக ஒரு இரும்புத் தபால் பெட்டி. மதியத்தில் கைக்குட்டை சுற்றாமல் அதைத் தொட முடியாது. உள்ளே வந்து ஏசியில் உட்கார்ந்து பிரித்தேன். ‘உங்கள் பகுதியில் வாழ்வது திருப்தியா?’ ‘மிகவும்’ என்று டிக் அடித்தேன். பொய்யில்லை. கொலராடோ ஆற்றுத் தண்ணீர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்வாயில் பயணித்து இந்தப் பாலைவனத்துக்கு வருகிறது. குளிர்காலமோ சொர்க்கம்.

ஆனால் அந்தப் படிவம் முகவரிப் பட்டியலைப் பார்த்து அனுப்பியது. 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவில்லை. அந்த ஆண்டு, ஃபீனிக்ஸும் சாண்ட்லரும் அடங்கிய மரிகோப்பா கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெப்பம் தொடர்பான சாவு 645 என்று கவுன்டியே கணக்குக் கொடுத்தது. அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீடில்லாதவர்கள். அவர்களுக்கு ஏது தபால் பெட்டி?

வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள் கதை இன்னும் உறுத்துகிறது. பெரும்பாலான வீடுகளில் ஏசி இருந்திருக்கிறது, ஓடவில்லை. ‘ஏசி உண்டா?’ என்று கேட்டால் அவர்களும் ‘உண்டு’ என்றுதான் எழுதியிருப்பார்கள். ‘கரன்ட் பில்லுக்குப் பயந்து அணைத்து வைக்கிறீர்களா?’ என்றல்லவா கேட்க வேண்டும்!

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2006, 2011, 2017 என்று ஃபீனிக்ஸ் பகுதிவாசிகளிடம் நடத்திய ஆய்வு கொஞ்சம் மேல். ஊர் முழுக்க அள்ளிச் சராசரி போடாமல், வசதியானதும் வசதியற்றதுமாகச் சில குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள். பாரடைஸ் வேலியின் பங்களாவையும் மேரிவேலின் சின்ன வீட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் விடையில் யாரும் குடியிருக்கவில்லையே.

படிவத்தின் கடைசியில் ‘வேறு கருத்து’ என்று ஒரு கட்டம். நான்கு மணிக்கு எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வந்து கேளுங்கள் என்று எழுதி அனுப்பினேன். அங்கே நிழற்குடை கிடையாது. விளக்குக் கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும்.

– ஒரு வாசகர், சாண்ட்லர், அரிசோனா