நாட்டாமி என்ற சொல்

ஈஸ்ட்ஹாம், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம்; உங்களதும் அம்மாவினதும் நலமறிய ஆவல். கப்பலில் மூடை இறக்குகிறவர்களை இந்த ஊரில் என்னவென்று சொல்வார்கள் என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டீர்கள். வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் பதில் சொல்லவில்லை.

நான் இருக்கும் வீட்டுக்குத் தெற்கே ராயல் டொக் எனப்படும் மூன்று பெரிய துறைமுகத் தடாகங்கள் உள்ளன. 1855, 1880, 1921 ஆகிய ஆண்டுகளில் திறக்கப்பட்ட அவை, கொள்கலன் கப்பல்கள் தேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பக்கத்து டில்பரித் துறைமுகத்துக்குப் போய்விட்டதால் 1981 இல் மூடப்பட்டன. இப்போது அவற்றில் இரண்டுக்கு நடுவே விமானம் இறங்குகிறது. எங்கள் தெருவில் அங்கே வேலை செய்த முதியவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டபோது, "எந்த வேலைக்காரனை?" என்று திருப்பிக் கேட்டார். கரையில் நின்று சரக்கைக் கையாள்பவர் டொக்கர். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, கடலில் எவ்வளவு ஆடினாலும் சரியாதபடி சரக்கை அடுக்குபவர் ஸ்டீவடோர். நெருக்கி அடுக்குதல் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததாம் அந்தப் பெயர். தூக்குவதை அல்ல, அடுக்கும் கைத்திறனைச் சொல்லும் பெயர் என்பதால் அது எனக்கு மிகவும் பிடித்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், காலையில் கூடி நிற்கும் ஆட்களுக்குள் மேற்பார்வையாளர் கை காட்டுகிறவருக்குத்தான் அன்றைய வேலை. 1967 இல்தான் அந்த முறை ஒழிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பு, ஒரு மணிநேர வேலைக்குக்கூட ஆள் எடுத்துத் திருப்பி அனுப்பிய நாட்களில், 1889 இல் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்து, மணிக்கு ஆறு பென்ஸ் கூலியையும் எடுத்தால் நான்கு மணிநேரமாவது வேலை தரவேண்டும் என்ற விதியையும் இவர்கள் வென்றார்கள். ஸ்டீவடோர்களுக்கு அப்போதே தனிச்சங்கம் இருந்தும் டொக்கர்களோடு சேர்ந்து நின்றார்கள். அந்த ஆறு பென்ஸை இன்றும் 'டொக்கரின் டானர்' என்கிறார்கள்; டானர் என்பது ஆறு பென்ஸ் நாணயத்தின் பேச்சுவழக்குப் பெயர்.

பிறகு அவர் எங்கள் ஊர்ச் சொல்லைக் கேட்டார். நாட்டாமி என்றேன். உங்கள் தொழில் என்னவென்று கேட்ட தஞ்சாவூர் நண்பர் ஒருவரிடம் வேலைத்தலத்தில் இதே சொல்லை ஒருமுறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஊர்த்தலைவர், வழக்குத் தீர்ப்பவர் என்று அவர் எண்ணிவிட்டார். அவர்களுக்கு நாட்டாமை என்றால் அதுதான். நாட்டாண்மை என்பதன் திரிபு. நமக்கோ கொழும்பிலும் திருகோணமலையிலும் முதுகில் மூடை சுமப்பவர் நாட்டாமி. சிங்களவரும் அப்படியே சொல்கிறார்கள். கூட்டத்தை நடத்திய தலைவனின் பெயர் நாளடைவில் கூட்டத்திலிருந்த எல்லோருக்கும் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். சிறுவயதில் டொக்யார்ட் வீதியால் பள்ளிக்கூடம் போகையில் யாராவது என்னை 'நாட்டாமியின் மகன்' என்றால் தலை குனிந்தேன், அப்பா. அதற்காக இன்று வருந்துகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். கப்பலுக்குள் நின்று அடுக்கியவருக்கு உங்கள் ஆட்களிடையே தனிப்பெயர் இருந்ததா? மூடையை இழுக்கும் கொழுக்கியை நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்? நினைவுக்கு வருகிற சொற்களை எல்லாம் அம்மாவிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள், முதியவரும் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்